ஜெர்மனியில் பாட்டில் முன்பணம்: எப்படித் திரும்ப வாங்குவது, எவ்வளவு பலன்?

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருபவர்களின் மளிகை பில்லில் ‘ஃபாண்ட் 0.25’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அது வரியில்லை, முன்பணம். காலி பாட்டிலைக் கொடுத்தால் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தருகிறார்களே, அந்த மாதிரிதான்.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். 6 தண்ணீர் பாட்டில் கொண்ட கட்டு எடுத்தால் முன்பணமே 1.50 யூரோ ஆகிவிடும். கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டில் என்றால் பீருக்குப் பெரும்பாலும் 8 சென்ட், தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் 15. ஒயின் பாட்டிலுக்குப் பொதுவாக எதுவும் கிடையாது.

திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய பில் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும்; அதைக் கவுன்டரில் காட்டிப் பணமாக வாங்கலாம், பில்லிலும் கழிக்கலாம். ஆல்டி கடையில் வாங்கிய 25 சென்ட் பாட்டிலை லிடில் கடையில் தாராளமாகக் கொடுக்கலாம். 200 சதுர மீட்டருக்கும் குறைவான சின்னக் கடைகள் மட்டும் தாங்கள் விற்கும் பிராண்டை வாங்கினால் போதும். பாட்டிலை நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் ஏற்காது. அப்படியே நசுங்கினாலும் முன்பணச் சின்னம் தெளிவாகத் தெரிந்தால் கடை ஊழியரிடம் கொடுத்துக் கேளுங்கள். வாங்குவது கடையின் கடமை.

சரி, திட்டம் பலன் தருகிறதா? பாட்டில்கள் திரும்புகின்றனவா என்று மட்டும் கேட்டால், உலகிலேயே சிறந்தவற்றில் ஒன்று: சுமார் 98 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. குடித்தவர் தூக்கிப்போட்டாலும் இன்னொருவர் பொறுக்கிக் கொடுத்துவிடுவார். ஓய்வூதியம் போதாத முதியவர்கள் பலர் அப்படிப் பாட்டில் சேகரிப்பதை ரயில் நிலையங்களில் பார்க்கலாம். அவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாமே என்று பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வைத்துப்போகும் வழக்கமும் உண்டு.

ஆனால் 2003-ல் இதைக் கொண்டுவந்ததன் முக்கிய நோக்கம் வேறு. ஒருமுறை பாட்டிலைக் குறைத்து, கழுவி நிரப்பும் பாட்டிலைக் காப்பாற்றுவதுதான் அது. அதில் தோல்வி என்றே சொல்வேன். தொடக்க ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்த மறுநிரப்புப் பாட்டில்களின் பங்கு, இப்போது பாதிக்கும் கீழே. மலிவுவிலைக் கடைகளுக்கு ஒருமுறை பாட்டில்தான் வசதி: இயந்திரம் நசுக்கிக் கட்டிவிடும், பெட்டிகளை அடுக்கி வைக்க இடம் தேவையில்லை, திரும்பி வரும் பிளாஸ்டிக்குக்கும் விலை கிடைக்கும். யாரும் கேட்டு வாங்காத முன்பணம் கூட பானத்தைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது, அரசுக்குப் போவதில்லை.

சில பானங்களில் 70 சதவீதமாவது மறுநிரப்புப் பாட்டிலில் விற்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள இலக்கு. எட்டாவிட்டால் அபராதம் ஏதும் இல்லை. உங்களால் முடிந்தது, லேபிளில் ‘மேர்வேக்’ (Mehrweg, அதாவது மறுநிரப்பு வகை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது. 25 சென்ட் கேட்கும் பாட்டில் பெரும்பாலும் அந்த வகை இல்லை.