அலைக்கு நீளமே குணம்

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் நின்று, அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கும் ஒரு பொச்சுமட்டையைக் கவனித்துப் பாருங்கள். அலை வரும்போது அது மேலே எழும்பும். அலையின் முடியில் சற்றே கரைப்பக்கம் நகரும். பள்ளத்தில் இறங்கும்போது வந்த வழியே பின்வாங்கும். பத்து அலைகள் கடந்த பின்னும் மட்டை ஏறக்குறையப் பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அப்படியானால் கரைக்கு ஓடி வந்தது என்ன? தண்ணீர் வரவில்லை. அது தன் இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைப் பக்கத்துத் தண்ணீரிடம் ஒப்படைத்தது. வங்கக் கடலின் நடுவே என்றோ அடித்த காற்றின் சக்திதான் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்து நம் காலடியில் நுரையாகச் சிதறுகிறது.

அலை என்றதும் உயரத்தைத்தான் முதலில் பேசுகிறோம். ஆனால் அதன் போக்கை அறிய வேண்டுமானால் நீளத்தைக் கேட்க வேண்டும். ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் இடைப்பட்ட தூரமே அலைநீளம். எட்டுச் செக்கனுக்கு ஒரு முடி என்ற கணக்கில் கடல் அடித்தால், ஆழமான பகுதியில் அந்தத் தூரம் ஏறக்குறைய 100 மீற்றர். அலை ஓடும் வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர்.

வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் அலைகளை, கோணேசர் கோயில் அமர்ந்திருக்கும் சுவாமி மலை மறிக்கிறது. மலைக்குத் தெற்கே உள்ள டச்பே கடற்கரை அதன் மறைவில் கிடக்கிறது. இருந்தும் அங்கே கடல் குளம்போல் அடங்கிவிடுவதில்லை. மலைமுனையைத் தொட்ட அலை வளைந்து உள்ளே நுழைகிறது. கரையோரம் ஆழம் குறைவதும் இந்த வளைவுக்குத் துணை செய்கிறது; ஆனால் ஆழம் மாறாத இடத்திலும் தடையின் ஓரத்தில் அலைகள் வளையவே செய்யும். இதற்கு இலங்கைப் பாடநூல்கள் வைத்த பெயர் கோணல். தமிழ்நாட்டில் விளிம்பு விளைவு என்பார்கள். எனக்குக் கோணல்தான் பிடித்த சொல். அலை செய்வதை அந்த ஒரு சொல் அப்படியே கண்முன் நிறுத்துகிறது. தடையின் அளவும் அலைநீளமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் கோணல் நன்றாகத் தெரியும். தடையோடு ஒப்பிட அலை மிகமிகக் குட்டையாக இருந்தால், தடைக்குப் பின்னால் நிழல்தான் விழும்.

நீளம் என்ன செய்யக்கூடும் என்பதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்த மாவட்டம் கண்டது. சுமத்திராவுக்கு அருகே கடலடி பெயர்ந்தபோது எழுந்த அலையின் உயரம் நடுக்கடலில் ஒரு மீற்றருக்கும் குறைவு. நீளமோ சில நூறு கிலோமீற்றர். அவ்வளவு நீண்ட அலைக்கு நாலு கிலோமீற்றர் ஆழமுள்ள கடலும் ஆழமற்ற குட்டைதான். அத்தகைய அலையின் வேகத்தை ஆழமே நிர்ணயிக்கிறது: 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். இரண்டு மணி நேர அளவில் அது நம் கிழக்குக் கரையை அடைந்தது. ஆழம் குறையக் குறைய முன்பகுதி வேகம் இழந்தது. பின்னால் வந்தது அதன்மேல் குவிந்தது. பொச்சுமட்டைக் கணக்கு அன்றும் பொய்க்கவில்லை. எட்டுச் செக்கன் அலையில் தண்ணீர் நாலு செக்கன் முன்னே வரும், நாலு செக்கன் பின்னே போகும். சுனாமியில் அந்த ‘முன்னே’ பல நிமிடங்கள் நீடிக்கிறது. அதனால்தான் தண்ணீர் நிற்காமல் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நடந்ததை ‘அலை அடித்தது’ என்பதைவிடக் ‘கடல் வந்தது’ என்பதே பௌதிகப்படியும் சரியான வார்த்தை.

இனித் தண்ணீரே தேவைப்படாத அலைக்கு வருவோம். ஒரு கம்பியில் இலத்திரன்களை மேலும் கீழும் ஆட்டினால் அவற்றைச் சூழ்ந்த மின்புலம் மாறுகிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கிறது; மாறும் காந்தப்புலம் மறுபடி மின்புலத்தைப் பிறப்பிக்கிறது. ஒன்றை ஒன்று ஈன்றபடி இரண்டும் வெளியே ஓடுகின்றன. ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட கட்டுரையில், மின்னையும் காந்தத்தையும் பற்றிய ஆய்வுகூட அளவீடுகளை மட்டும் வைத்து இந்த ஓட்டத்தின் வேகத்தைக் கணித்தார். விடை ஒளியின் வேகத்தோடு பொருந்தியது. விளக்கும் வெயிலும் எங்கும் சேராத ஒரு கணக்கின் முடிவில் ஒளி வந்து நின்றது! பௌதிகவியலில் என்னை இதைவிட உலுக்கிய இடம் வேறில்லை. 1887இல் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் தீப்பொறியால் இந்த அலைகளை உண்டாக்கி, எட்ட வைத்த ஒரு கம்பி வளையத்தில் இன்னொரு சிறு பொறியாகப் பிடித்துக் காட்டினார்.

வானொலி அலை, நுண்ணலை, செந்நிறக்கீழ்க் கதிர், கண் காணும் ஒளி, ஊதாக் கடந்த கதிர், எக்ஸ் கதிர், காமாக் கதிர் எல்லாம் ஒரே குடும்பம். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்: செக்கனுக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர். நீளம்தான் ஆளுக்கு ஆள் வேறு. கன்னியாக் கிணறுகளின் சுடுநீரும் அதை அள்ளிக் குளிக்கும் நம் உடம்பும்கூட இருட்டிலும் ஓயாமல் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கதிரின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கை ஒட்டியது. நம் கண்ணுக்கு அது எட்டாது.

ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல 1980களில் திருகோணமலையில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து மத்திய அலையில் ஒலித்த மீடிறன், அதாவது ஒரு செக்கனில் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை, 1548 கிலோஹேர்ட்ஸ். வேகத்தை மீடிறனால் வகுத்துப் பாருங்கள்: 194 மீற்றர் வரும். நம் ஊர்க் குன்றுகளோடு தோளுக்குத் தோள் நிற்கக்கூடிய நீளம் அது; குன்றின் ஓரத்தில் டச்பே அலையைப் போலவே வளைந்து போகும். பண்பலை வானொலிக்கு நீளம் மூன்று மீற்றர். கைத்தொலைபேசிக்குச் சில பத்துச் சென்ரிமீற்றர். குன்றின் மறைவில் சமிக்ஞை குன்றிப்போவதற்கு இது ஒரு காரணம். ஒளியின் நீளமோ ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதனால்தான் வாடை அலைகளை முழுதாக மறிக்க முடியாத அதே சுவாமி மலை, பிற்பகல் வெயிலை மறித்துக் கிழக்கே கடலின்மேல் நிழலைக் கோடு கிழித்தாற்போல் வீழ்த்துகிறது.

மின்சாரம் இல்லாத இரவுகளில் அப்பா டிரான்சிஸ்டரை முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கையால் முள்ளைத் திருகிக்கொண்டே இருப்பார். பகலில் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த தமிழ்நாட்டு நிலையங்கள் இருட்டியதும் துலங்கி வரும். ஊர் அடங்கியதால் நன்றாகக் கேட்கிறது என்று நான் நினைத்திருந்தேன். காரணம் ஊரில் இல்லை, வானத்தில் இருக்கிறது. சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கி விடுகின்றன. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் வரையான அடுக்கில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியானது. வானொலி அலை அங்குள்ள இலத்திரன்களை ஆட்டுகிறது. அவை காற்றோடு மோதி, வாங்கிய சக்தியைச் சூடாக இழந்துவிடுகின்றன. பகலெல்லாம் மத்திய அலையை இந்த அடுக்கு விழுங்கிக்கொண்டே இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அங்கே இலத்திரன்கள் மீண்டும் அணுக்களோடு விரைவாகச் சேர்ந்துவிடும், அடுக்கு கரைந்துபோகும். இன்னும் மேலே, முந்நூறு கிலோமீற்றர் அளவில், காற்று மிக ஐதானது. அங்கே ஒரு இலத்திரன் தன் துணையைச் சந்திக்கவே நேரம் எடுக்கும் என்பதால் அந்த உயர் அடுக்கு இரவெல்லாம் தங்கி நிற்கிறது. தடையின்றி அதுவரை ஏறிய அலை அங்கே வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் புறப்பட்ட குரல் எங்கள் முற்றத்தில் வந்து இறங்கியது இந்த வழியாகத்தான்.

இவ்வளவு தூரம் போகும் வானொலி அலை கடலுக்குள் இறங்க முடியாமல் தவிக்கிறது. உப்புநீர் மின்னைக் கடத்தும். அலையின் மின்புலம் நீரில் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதிலேயே தன் வலுவைச் செலவழித்துவிடுகிறது. 1548 கிலோஹேர்ட்ஸ் அலை கடல்நீரில் 20 சென்ரிமீற்றர் போவதற்குள் பாதிக்கும் கீழே மெலிந்துவிடும். ஆழம் பார்க்கும் கருவிகள் வானொலியை விட்டு ஒலியை நாடுவது இதனால்தான். ஆனால் அதே குடும்பத்து நீல ஒளி, தெளிந்த கடலில் பல பத்து மீற்றர் தாராளமாக இறங்குகிறது.

கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களும் நம்பினார்கள். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. இராமன், நீர்ப்பரப்பில் தெறித்து வரும் வான ஒளியை ஒரு நிக்கோல் பட்டகத்தால் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகத்தால்) தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார் அவர். சிதறலோடு இன்னொன்றும் சேர்கிறது என்பதை இன்று அறிவோம். நீரில் ஐதரசனையும் ஒட்சிசனையும் இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில் போல அதிர்பவை. அந்த அதிர்வின் மேற்சுரங்கள், அதாவது ஏறக்குறைய அதன் மடங்கு மீடிறனில் எழும் அதிர்வுகள், சிவப்பு ஒளியின் மீடிறனுக்கு இசைந்து, சிவப்பை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன.

புறாத் தீவுக்கு வெளியே ஆழமான பாறைகளில் இறங்கும் சுழியோடிகள் இதை நேரில் காண்கிறார்கள். பத்து மீற்றர் ஆழத்துக்குச் சூரியனின் சிவப்பில் மிகச் சிறு பங்கே வந்து சேரும். ஒரு செவ்வரத்தைப் பூவைக் கையில் கொண்டு அங்கே இறங்கினால் அது கரும்பழுப்பாகத் தெரியும். கைவிளக்கைப் பக்கத்தில் பிடித்தால் பூ மறுபடி சிவக்கும். அந்த ஒளி கடக்க வேண்டிய தண்ணீர் ஒரு முழம்தான்.