ஷேட் கார்டில் கண்ட நிறம் சுவரில் அடர்ந்துபோவது ஏன்?

இரண்டு வெளிர்மஞ்சள் நிறங்களில் ஒன்றை ஷேட் கார்டைப் பார்த்தே தேர்ந்தெடுப்பவர்கள், அறை முழுவதும் பூசி முடித்தபின் நிறம் எதிர்பார்த்ததைவிட அடர்ந்திருப்பதைக் கண்டு பெயிண்ட் கலந்தவரைக் குறைசொல்வதுண்டு. பெரும்பாலும் காரணம் கலவையில் இல்லை. சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதில் இருக்கிறது.

சுவரில் படும் ஒளியில் ஒரு பகுதியை நிறமி உட்கொள்ள, எஞ்சியது சிதறித் திரும்புகிறது. ஒரு பெயிண்ட் மஞ்சள் ஒளியில் 80 விழுக்காட்டையும் நீல ஒளியில் 50 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். முதல் முறை திரும்பும் ஒளியில் மஞ்சள், நீலத்தைப்போல் 1.6 மடங்கு இருக்கும். அதே ஒளி எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பினால் மஞ்சள் 64 ஆகவும் நீலம் 25 ஆகவும் குறைந்து, விகிதம் ஏறத்தாழ 2.6 ஆகிவிடும், மூன்றாம் முறையில் அது நான்கைத் தாண்டும். அறைக்குள் நம் கண்ணை எட்டுவது இவையெல்லாம் கலந்த ஒளியே. சுவர்கள் கூடும் மூலைகளில் நிறம் மேலும் செறிந்து தெரிவதும் இதனால்தான். ஆகவே, மனம் இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் வெளிறியதைத் தேர்வதே பெரும்பாலும் சரி என்பேன்.

விளக்கொளியும் தீர்ப்பை மாற்றும். 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எல்இடி விளக்கில் மஞ்சளும் சிவப்பும் மிகும். 6500 கெல்வின் விளக்கில் நீலம் மிகும். கண் இவ்வேறுபாட்டைப் பெருமளவு சரிசெய்துகொள்கிறது என்றாலும், நிறம் காண நமக்கு மூவகைக் கூம்புச் செல்களே இருப்பதால், வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பெயிண்டுகள் அம்மூன்றையும் ஒரே அளவில் தூண்டிப் பகலில் ஒன்றுபோலவே தோன்றி, இரவு விளக்கில் பிரிந்து தெரியக்கூடும்.

பழைய சுவரின்மேல் ஒரு கட்டம் பூசிப் பார்ப்பதும் ஏமாற்றும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரூல், கறுப்பு நூல் மங்கித் தெரிவதற்குச் சாயம் அன்றி அருகிலுள்ள நிறங்களே காரணம் என்று கண்டு, 1839-இல் அதை விரிவாக எழுதினார். பச்சைச் சுவரின் நடுவே பூசிய வெளிர்மஞ்சள் சற்றே சிவந்து தோன்றுவதும் அதே விளைவுதான்.

எனவே ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பெரிய அட்டைகளில், வெள்ளை விளிம்பு விட்டு, இருமுறை பூசி உலரவிடுங்கள். ஒரே நிற அட்டைகள் இரண்டையும் அறையின் மூலையில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சேர்த்து நிறுத்தி, பகலில் ஒருமுறையும், அந்த அறையில் எரியப்போகும் விளக்கில் ஒருமுறையும் பாருங்கள்.