நாக்கிங்: தட்டலா, இடியா?

ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தினால், பெட்ரோல் வண்டி சில சமயம் ஒரு சத்தம் போடும். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. பட்டறையில் சொன்னால் 'நாக்கிங் சார்' என்று பதில் வரும்.

'நாக்' என்றால் ஆங்கிலத்தில் தட்டு. இன்று எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் முதல் 'க்' பழைய ஆங்கிலத்தில் வாயிலும் ஒலித்தது. 'க்னாக்' என்று சொல்லிப் பாருங்கள், விரல் முட்டி கதவில் படுவது கேட்கும். ஓசையிலிருந்து பிறந்த சொல். ஜெர்மன்காரர்கள் இதைக் 'க்ளோப்ஃபன்' என்கிறார்கள், அதுவும் தட்டல்தான். பிரெஞ்சில் 'க்ளிக்கெத்தி', கலகலக்கும் ஓசை. இத்தாலியில் 'தலைக்குள் அடிக்கிறது' என்பார்கள். ஆக, எல்லோரும் காதால் வைத்த பெயர். உள்ளே நடப்பது என்ன என்பதை இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். பிளக்கில் பொறி விழுந்ததும் அங்கிருந்து தீ சிலிண்டர் முழுக்கப் பரவவேண்டும். வேகமாகத்தான், ஆனால் பரவவேண்டும், வெடிக்கக் கூடாது. எஞ்சினுக்கு 'உள்ளெரி பொறி' என்ற நம் கலைச்சொல் இந்த இடத்தில் ரொம்பச் சரி. 'உள்வெடி' என்று யாரும் வைக்கவில்லை. பரவும் தீ தன் முன்னால் இருக்கும் எரியாத கலவையை அழுத்திச் சூடேற்றிக்கொண்டே போகிறது. ஓரத்தில் மிஞ்சிய கலவை அந்தச் சூட்டைத் தாங்காமல், தீ வந்து சேருமுன் தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, நொடிக்குச் சில ஆயிரம் தடவை அதிர்கிறது. நாம் கேட்கும் சத்தம் அதுதான். இது முற்றினால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங்குகள் உடையும்.

கவனிக்க: பொறி விழுந்த பிறகு நடப்பது இது. பொறி விழுமுன்னரே கலவை பற்றுவது வேறு கோளாறு. ஆகையால் 'முன்வெடிப்பு' என்ற மொழிபெயர்ப்பு தப்பு. 'தட்டல்' சத்தத்துக்குப் பொருந்தும், ஆனால் வால்வை இயக்கும் டேப்பட் லூசானாலும் வண்டி தட்டத்தான் செய்கிறது. எனக்குப் பிடித்தது 'இடிப்பு'. வானத்து இடி ஓசை, உரலில் இடிப்பது அடி. ஓசையும் சேதமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. தட்டுகிறவர் கதவைத் திறக்கச் சொல்லிக் காத்திருப்பார். இடிக்கிறவர் காத்திருக்க மாட்டார்.

இடிப்பை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு ஆக்டேன் எண். 'ஆக்டோ' கிரேக்கத்திலும் லத்தீனிலும் எட்டு. ஆக்டேன் மூலக்கூறில் எட்டு கார்பன் அணுக்கள். தமிழிலும் 'எண்' என்றால் எண்ணிக்கை, எட்டு இரண்டும்தான், எண்கோணம், எண்பது போல. தற்செயல்தான் என்றாலும் 'ஆக்டேன் எண்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நேர்ச்சங்கிலியாக இருக்கும் அசல் ஆக்டேனின் ஆக்டேன் எண் சுழியத்துக்கும் கீழே! அளவுகோலின் நூறாக நிற்பது, கிளைகள் கொண்ட ஐசோ-ஆக்டேன். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் அதை நூறு என்றும், சுலபமாக இடிக்கும் ஹெப்டேனைச் சுழியம் என்றும் வைத்தார். தூய ஹெப்டேன் அப்போது கிடைத்தது கலிஃபோர்னியாப் பக்கத்து ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினிலிருந்து. நம் பெட்ரோல் பங்க்கில் 91 என்று போட்டிருந்தால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை அளவுக்கு அந்தப் பெட்ரோல் தாங்கும் என்று பொருள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் '87 போடுகிறேன்' என்றால் நம் பெட்ரோல் ஒசத்தி என்று மார்தட்ட வேண்டாம். அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள், நாம் ஒன்றை மட்டும். அங்கத்து 87-உம் இங்கத்து 91-உம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆக்டேன் என்பது சக்தி அல்ல, பொறுமை. சாதாரண வண்டிக்கு நூறு ஆக்டேன் ஊற்றினால் பர்சுதான் இளைக்கும்.

சூப்பர்சார்ஜர் பூட்டிய வண்டியில் கதை வேறு. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் எடுத்து ஓடும் காற்றழுத்தி அது. 'மிகையூட்டி' என்று சொல்லலாம். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் இன்னொரு 7 ஏற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது, அதற்கேற்ற பெட்ரோலும். ஆனால் அழுத்தினால் காற்று சுடும், சுட்ட காற்று இடிக்கும். இன்டர்கூலர் வைத்து ஆற்றுவதும், பொறியைச் சில டிகிரி தாமதமாக விடுவதும், பெட்ரோலைத் தாராளமாகக் கலப்பதும் இதற்காகத்தான். இன்னும் வேகம் வேண்டும் என்று பெல்ட் சுற்றும் புல்லியைச் சின்னதாக மாற்றி அழுத்தத்தை ஏற்றுபவர்கள், பொறி விழும் டைமிங்கையும் எரிபொருளையும் தொடாமல் விட்டால் பிஸ்டனைத்தான் மாற்றவேண்டி வரும். 1940-இல் பிரிட்டன் தன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களை 87 ஆக்டேனிலிருந்து நூறுக்கு மாற்றியபோது, மிகையூட்டியின் அழுத்தத்தை 6 பிஎஸ்ஐயிலிருந்து 12-க்கு ஏற்ற முடிந்ததும் இதே கணக்கில்தான்.

இந்த ஒத்திசைவு வேலைக்குப் பெயர் 'டியூனிங்'. மூலம் கிரேக்க 'டோனோஸ்', இழுத்துக் கட்டுதல்; நரம்பை முறுக்கிச் சுருதி சேர்ப்பது. தமிழில் யாழ் நரம்பைப் பண்ணுக்கு ஏற்ப முறுக்கி வைப்பதற்குப் 'பண்ணல்' என்று பெயர். அதே 'பண்ணுதல்' பழந்தமிழில் தேரையும் குதிரையையும் பூட்டி ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதையும் குறிக்கும். பட்டறையில் நாம் 'வண்டியை டியூன் பண்ணுங்க' என்று சொல்லும்போது, தெரியாமலேயே ஒரே சொல்லை இரண்டு மொழியில் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.