பிஸ்கட் டின்னில் வந்த வெப்லி

போன மாதம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா என் பட்டறைக்கு வந்தார். கைப்பைக்குள் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் பழைய துண்டில் சுற்றிய ரிவால்வர்.

"தம்பி, மாமனார் வச்சிருந்தது. அவர் காரியமெல்லாம் முடிஞ்சுது. அலமாரியைத் துடைக்கிறப்ப இது கிடைச்சுது."

"எப்படிம்மா கொண்டு வந்தீங்க?"

"டாக்சியிலதான்."

பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் மினிபஸ் டாக்சி. ரிவால்வரைத் திறந்து பார்த்தேன். உள்ளே நான்கு தோட்டாக்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இப்படிப்பட்ட டின்கள் புதிதல்ல. டின்னோடு கூடவே ஒரு கதையும் வரும். இந்த அம்மா சொன்ன கதை, மாமனாரின் தாத்தா, பிரிட்டிஷாரும் டச்சு வழிவந்த போயர்களும் மோதிய போயர் சண்டையில் காந்தியோடு போனபோது வைத்திருந்த துப்பாக்கி என்பது. காந்தி 1899-இல் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் நம் ஆட்கள் பலர் இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் தூக்கியது ஸ்ட்ரெச்சர், துப்பாக்கி அல்ல. டின்னில் இருந்ததோ வெப்லி மார்க் 6 என்ற ரிவால்வர். அந்த மாடல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்ததே 1915-இல். போயர் சண்டை 1902-லேயே முடிந்துவிட்டது. இதன் உடம்பில் 1917 என்று ஆண்டு குத்தியிருந்தது. பக்கத்தில் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமான அம்புக்குறியும் இருந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. கதையை அப்படியே விட்டிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது.

வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிகளைத்தான், அதுவும் தொடாமல். டார்ச் அடித்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோவை வைத்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் சோதனை முத்திரை பெற்றது. வளையத்துக்கு மேலே கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவான 'புல்டாக்' ரிவால்வர்கள் அங்கிருந்து ஏராளமாக வந்தன. அவற்றைச் சுட வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பல கருமருந்துக் காலத்து இரும்பு. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்குச் செய்ததே அல்ல.

வெப்லியின் கதை வேறு. இரும்பு நல்ல இரும்பு, அதனால்தான் ஆள் ஏமாறுகிறான். அந்த அம்மாவின் தம்பி மகனுக்குத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இதைச் சுட்டுப் பார்க்க ஆசை. தோட்டா கூட விசாரித்து வைத்திருந்தான். மார்க் 6-க்கு உரியது .455 தோட்டா. இப்போது அது சுலபத்தில் கிடைக்காது. அதனால் எந்தக் காலத்திலோ யாரோ தோட்டா அடைக்கும் இந்த சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டிருக்கிறார்கள். சீவிவிட்டால் கடையில் கிடைக்கும் .45 ஏ.சி.பி. தோட்டா, அரைவட்டக் கிளிப்போடு கச்சிதமாக உட்காரும். உட்காரும், வெடிக்கவும் வெடிக்கும், ஒருமுறை ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு சூட்டுக்கும் சிலிண்டரின் சுவரும் மேலே பூட்டும் கொக்கியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஒருநாள் சிலிண்டர் பிளக்கும். குழலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத் தோட்டா வாங்காதீர்கள். 'உள்ளே போகிறதே' என்பதும் கணக்கில்லை. சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் விரலை ட்ரிக்கருக்கு வெளியே வையுங்கள், குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். வெப்லியில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்குப் பக்கத்தில், இடது பக்கமாக, வலது கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நெம்பி உண்டு. அதை அழுத்திக் குழலை மடக்கினால் தோட்டாக்கள் தாமாக மேலெழும். சில சமயம் ஒன்று நழுவி, தூக்கிவிடும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், ஆறு அறையையும் கண்ணால் எண்ணிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் தட்டாதீர்கள், நெம்பாதீர்கள். பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் நேரே தோட்டாவின் அடியில் படுத்திருக்கும், கீழே விழுந்தாலே வெடிக்கும்.

இன்னொன்று, தேய்க்காதீர்கள். டோங்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் பூஜையறைக் குத்துவிளக்கோடு சேர்த்து ரிவால்வரையும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டு வந்தார். பளபள என்றிருந்தது. நீலப்பூச்சு மொத்தமும் போச்சு, விலையும் அதோடு போச்சு.

சட்டத்துக்கு வருவோம். நூறு வருடம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கருமருந்தும் குண்டும் குழல் வாய் வழியே தனித்தனியாகத் திணித்து, கேப் என்ற சின்ன வெடிமூடி வைத்துச் சுடும் துப்பாக்கிக்குத் தகுதிச் சான்றிதழ் போதும். பித்தளைத் தோட்டா போடும் ரிவால்வர் எந்தக் காலத்தது ஆனாலும் லைசென்ஸ் கட்டாயம். அது இல்லாத வீட்டில் தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம்தான்.

மாமனார் பெயரில் லைசென்ஸ் இருந்தது. ஆனால் நிலம், நகை மாதிரி லைசென்ஸ் வாரிசுக்கு வராது. எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்தை, நிர்வகிக்க உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் யாரை நியமிக்கிறதோ அவர்தான் துப்பாக்கிக்கும் பொறுப்பு. லைசென்ஸ் பெற்ற டீலரிடம் அதை ஒப்படைத்து வைக்கலாம். வாரிசு யாராவது வேண்டுமென்றால் பயிற்சி, தகுதிச் சான்றிதழ், வீட்டில் சுவரோடு பொருத்திய இரும்பு சேஃப் எல்லாம் முடித்துத் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் விற்கலாம், போலீஸில் ஒப்படைத்து அழிக்கச் சொல்லலாம். லைசென்ஸே இல்லாமல் கிடந்தது என்றால் முதலில் வக்கீல், அப்புறம் போலீஸ். 2019 டிசம்பரிலிருந்து ஆறு மாதம், 2020 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் என்று பொதுமன்னிப்புக் காலம் இருந்தது. அந்த வாய்ப்பை விட்டவர்கள் நிறைய. எதுவானாலும் பையில் போட்டுக்கொண்டு டாக்சி ஏறாதீர்கள். போன் பண்ணுங்கள், எப்படிக் கொண்டு வருவது என்று சொல்கிறோம்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் எஸ்டேட் பொறுப்பாளர். அன்றைக்கே அவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினேன். வெப்லி இப்போது என் சேஃபில் இருக்கிறது. பச்சை பூத்த நான்கு தோட்டாவும் தனியே இருக்கின்றன. தம்பி மகன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். அம்மா கேட்டு வாங்கிப்போனது டின்னை மட்டும்தான். தீபாவளிக்கு முறுக்கு சுட்டால் போட்டு வைக்க அது ஒன்றுதான் மூடி இறுக்கமாக இருக்கிறதாம்.