பேசிவ் சம்மிங் பெட்டி செய்யப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்

கணினிக்குள் கலந்தால் ஒலி தட்டையாகிவிடுகிறது, வெளியே ஒரு பெட்டியில் கலந்தால் அகலமும் ஆழமும் வந்துவிடும் என்ற பேச்சை நம்பிப் பலரும் பேசிவ் சம்மிங் பெட்டிக்கு, அதாவது பல ஒலித்தடங்களை மின்சாரமில்லாமல் ஒன்றாகக் கூட்டும் பெட்டிக்கு, பெரும் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ரெசிஸ்டரும் கம்பியும் சாக்கெட்டும்தான். மின்சாரம் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. ஒலிக்குத் தனிக் குணம் எதையும் அது சேர்ப்பதில்லை. அளவைக் குறைக்கிறது, கூட்டுகிறது. கேட்கும் நிறம் முழுக்க அதன் பின்னால் நிற்கும் மைக் ப்ரீஆம்பில், அதாவது மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவியில், இருந்து வருகிறது. ஆகவே பணத்தை ப்ரீஆம்புக்கு வைத்துக்கொண்டு, பெட்டியை நீங்களே செய்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

16 உள்ளீடு, ஸ்டீரியோ வெளியீடு என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை எண்கள் இடது பஸ்ஸுக்கு (சானல்கள் ஒன்றுசேரும் பொதுக் கம்பித்தடம்), இரட்டைப்படை எண்கள் வலது பஸ்ஸுக்கு. பக்கத்துக்கு 8. இது பேலன்ஸ்டு, அதாவது ஒரே சிக்னல் ஹாட், கோல்டு என்ற இரண்டு கம்பிகளில் எதிரெதிராக ஓடும் முறை. அதனால் ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஹாட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், கோல்டுக்கு ஒன்று. மொத்தம் 32 ரெசிஸ்டர், 4.7 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஹாட்டுக்கும் கோல்டுக்கும் குறுக்கே 220 ஓம் ஒன்று. குரலையும் பேஸையும் நடுவில் வைக்க மோனோ சுவிட்ச் வேண்டாம். ஒரே சானல் இரண்டு பஸ்ஸையும் தொட்டால் கணக்கு மாறும், இடமும் வலமும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். மென்பொருளிலேயே அவற்றை ஜோடி வெளியீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த 220 ஓம் எதற்கு என்று கேட்காமல் ஒட்டுபவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் ஒரு சானலின் இழப்பு 18 டெசிபெல் மட்டுமே, ஆனால் பஸ்ஸின் இம்பீடன்ஸ் (ஒலிச் சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) 1175 ஓம். மைக் ப்ரீஆம்ப் எதிர்பார்ப்பது 150 முதல் 200 ஓம் வரை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளீடு கொண்டவற்றில் அதிர்வெண் சமநிலையே மாறிவிடும். 220 ஓம் போட்டதும் இம்பீடன்ஸ் 185 ஓமுக்கு இறங்குகிறது. அதற்குக் கொடுக்கும் விலை: இழப்பு 34 டெசிபெல் ஆகிறது; 1.5 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப் மேலும் 1 டெசிபெல் தின்னும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு சானலின் கேபிளைக் கழற்றினால் மற்றவற்றின் அளவு 0.2 டெசிபெல்கூட மாறாது. அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் 1.2 டெசிபெல் எகிறும்.

பலர் 4.7க்குப் பதில் 10 கிலோ ஓம் போடுகிறார்கள். வேலை செய்யும், ஆனால் இழப்பு இன்னும் 6 டெசிபெல் கூடுகிறது. அந்த 6 டெசிபெல்லை ப்ரீஆம்பில் திரும்ப ஏற்றும்போது அதன் இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியின் ஒலியை வெளியே கொண்டுவரும் கருவி) வெளியீடுகள், இரண்டு 4.7 சேர்ந்த 9.4 கிலோ ஓம் சுமையைச் சிரமமின்றித் தாங்கும். ஆகவே 10க்குப் போகக் காரணமில்லை.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்குவதானால் 32க்குப் பதில் 50 வாங்குங்கள். மல்டிமீட்டரில் அளந்து, ஒரே உள்ளீட்டின் ஹாட்டும் கோல்டும் 5 ஓமுக்குள் ஒத்துப்போகும்படி ஜோடி சேருங்கள். ஜோடி பொருந்தாவிட்டால் கேபிளில் ஏறிவரும் ஹம் (மின்சார லைனின் ரீங்காரம்) முழுதாக ரத்தாகாமல் மிஞ்சும். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், இந்தப் பெட்டியின் தரமே இதில்தான். நிற வளையத்தையும் கவனியுங்கள்: மஞ்சள், ஊதா, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. நான்காவது வளையம் சிவப்பாக இருந்தால் அது 47 கிலோ ஓம். ஹாட், கோல்டு இரண்டில் ஒன்றில் மட்டும் அப்படி ஒன்று நுழைந்தாலும் அந்தச் சானல் ஏறத்தாழ 15 டெசிபெல் அமுங்கிவிடும்.

உலோகப் பெட்டி கட்டாயம், ஏனெனில் உள்ளே ஓடுவது மைக் அளவுச் சிக்னல். பக்கத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடமென்றால் அலுமினியத்தைவிட இரும்புப் பெட்டி நல்லது. காந்தப் புலத்தை அலுமினியம் தடுக்காது. ஹாட் பஸ்ஸையும் கோல்ட் பஸ்ஸையும் நெருக்கமாக, இணையாக ஓட்டுங்கள். இடைவெளி அகன்றால் அது ஹம்மைப் பிடிக்கும் வளையம். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கொண்ட ஆடியோ இணைப்பு) சாக்கெட்டில் 2ஆம் பின் ஹாட், 3ஆம் பின் கோல்ட். 1ஐச் சாக்கெட் இருக்கும் இடத்திலேயே பெட்டி உலோகத்தோடு சேர்த்துவிடுங்கள். எட்டு சானலை ஒன்றாகத் தரும் 25 பின் சாக்கெட்டான டிபி25 வைத்தால், டாஸ்காம் முறையில் முதல் சானலின் ஹாட் 24, கோல்ட் 12, ஷீல்டு 25. யமஹா முறை வேறு. கேபிள் எந்த முறை என்று பார்க்காமல் செருகினால் சானல்கள் கலைந்துபோகும்.

சால்டர் முடிந்ததும் எதையும் செருகாமல் மீட்டர் வையுங்கள். வெளியீட்டில் 2க்கும் 3க்கும் இடையே 220 ஓம். உள்ளீட்டில் 2க்கும் 3க்கும் இடையே 9.62 கிலோ ஓம். 2க்கும் 1க்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. ஆனால் ஹாட்டும் கோல்டும் இடம் மாறியிருந்தால் இந்த அளவுகள் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒவ்வொரு பஸ்ஸிலும் முதல் சானலைத் துணையாக வைத்து ஒரே 1 கிலோஹெர்ட்ஸ் டோனை அதற்கும் அதே பஸ்ஸின் இன்னொரு சானலுக்கும் அனுப்புங்கள். 6 டெசிபெல் ஏறினால் சரி. டோன் காணாமல் போனால் கம்பி மாறியிருக்கிறது.

பாண்டம் பவரை (மைக்குக்காக ப்ரீஆம்ப் அனுப்பும் 48 வோல்ட்) அணைத்துவிட்டுத்தான் ப்ரீஆம்போடு இணைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 48 வோல்ட் இந்த ரெசிஸ்டர்கள் வழியே பின்னோக்கி உங்கள் இன்டர்ஃபேஸின் வெளியீட்டுக்குள் போகும். எல்லாச் சானலும் இணைந்திருந்தால் சுமை பகிர்ந்துவிடும். ஒரே சானல் மட்டும் செருகியிருந்தால் அந்த ஒரு வெளியீடே ஹாட், கோல்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் தாங்க வேண்டும். பாதுகாப்பு டையோடு இல்லாத வெளியீட்டுக்கு அது ஆபத்து.

மென்பொருளில் ஸ்டெம்களை (குரல், டிரம்ஸ் எனத் தனித்தனியாகச் சேர்த்த தடங்கள்) தாராளமான அளவில் அனுப்புங்கள். ஃபேடரைத் தாழ்த்திவிட்டுப் பின்னால் ப்ரீஆம்பைத் திருகுவது இரைச்சலைத்தான் கூட்டும். 35 டெசிபெல் கெயின் (ப்ரீஆம்பின் பெருக்கம்) என்பது கணினிக் கலவையின் அளவையே திரும்பப் பெறுவதற்கானது. ஸ்டெம்கள் அதைவிடச் சூடாக வந்தால் 25 போதலாம். படிப்படியாக நகரும் கெயின் குமிழ் இல்லாத ப்ரீஆம்பில் இடமும் வலமும் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கும், அளவில் ஒரு டெசிபெல் வித்தியாசம் இருக்கும். குரல் நடுவை விட்டு ஒரு பக்கம் சாயும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் முன் இரு பஸ்ஸுக்கும் ஒரே டோனை அனுப்பி, பதிவாகும் மீட்டரில் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்யுங்கள். அதே டோனைக் கணினிக் கலவையின் அளவோடும் பொருத்திய பிறகே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது எதுவானாலும் காதுக்கு அதுவே அகலமாகத் தோன்றும்.