மார்ஃபின் சரிதான், கூண்டில் யார் யார் இருந்தார்கள்?

எம்.ஃபார்ம் மாணவி ஒருத்தி நொச்சி இலைச் சாறு வலியைக் குறைக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு வலிநீக்கியான மார்ஃபின். 55 டிகிரி ஹாட் பிளேட்டில் சுண்டெலியை விட்டு, பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். காயம் படாமலிருக்க, நக்காவிட்டாலும் குறித்த விநாடியில் எடுத்துவிடுவோம். மார்ஃபின் போட்டது கூடுதல் நேரம் தாங்க வேண்டும். இவளுடையவை தாங்கவில்லை. முந்தைய ஆண்டு இன்னொரு மாணவர் அதே அளவு மருந்தில், அதே பிளேட்டில் எடுத்த எண்களுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் நான். முதலில் மருந்தைச் சந்தேகித்தேன். பூட்டிய அலமாரி, பதிவேடு, ஆம்பூல் தேதி எல்லாம் சரி. பிளேட்டின் சூட்டை வேறொரு தெர்மாமீட்டர் வைத்து அளந்தோம், சரி. ஊசி போடும் கையில் பிசகோ என்று நானே போட்டுப் பார்த்தேன். சுண்டெலியின் வால் விறைத்து முதுகுக்கு மேல் வளைந்து நின்றது. மார்ஃபின் உள்ளே போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

விடை சொன்னவர் கூண்டுகளுக்கு உமி மாற்றும் அண்ணன். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். "போன வருஷத்துத் தம்பி ஆறையும் ஒண்ணா வெச்சிருந்தாரு மேடம். இந்தப் பொண்ணு மூணு வாரமா எல்லாத்தையும் தனிக்குடித்தனம் வெச்சிருக்கு."

சேர்த்து வைத்தால், சுண்டெலியின் மேல் பிக்ரிக் அமிலத்தில் இட்ட மஞ்சள் அடையாளம் மங்கிப்போய் எது எதுவென்று குழம்புகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்றும் எழுத வேண்டும். அதனால் பிரித்திருந்தாள். தினமும் அந்தக் கூண்டுகளைக் கடந்து போன எனக்கும் உறைக்கவில்லை.

ஆறு சுண்டெலியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இது புதிய செய்தியும் அல்ல. நீண்ட நாள் தனியே வைத்த எலிகளில் மார்ஃபினின் வேலை குறைகிறது என்று காட்ஸும் ஸ்டைன்பெர்க்கும் 1970-இலேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். எலியும் சுண்டெலியும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, ஒன்றையொன்று நக்கி வாழும் பிராணிகள். அந்த உறவாடலில் உடம்பு தானே சுரக்கும் ஓபியாய்டுகளுக்கும், அதாவது மார்ஃபின் போன்ற பொருள்களுக்கும், பங்கு உண்டு. 1993-இல் இத்தாலியில் டமாட்டோவும் பவோனேயும், பிரித்து வைத்த உடன்பிறப்புச் சுண்டெலிகளை மறுபடி ஒன்றுசேர்த்தபோது அவற்றின் வலி தாங்கும் அளவு கூடியதைக் கண்டார்கள். அவை போய் ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்போம்; நாம் ஊசியில் ஏற்றும் மார்ஃபின் போய்ச் சேர்வதும் அதே ஏற்பிகளுக்குத்தான். தனிமையின் விளைவு எல்லா ஆய்விலும் ஒரே பக்கம் சாய்வதில்லை. வயது, பால், இனம், எத்தனை நாள் பிரித்தோம் என்பதைப் பொறுத்து மாறும்.

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே யாராவது 'ராட் பார்க்' (எலிப் பூங்கா) ஆய்வு பற்றி வாட்சப்பில் அனுப்பிவிடுவார்கள். கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் கடைசியில் செய்தது. சாதாரணக் கூண்டைப்போல் 200 மடங்கு இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலிகள், தனியாக இருந்தவற்றைவிடக் குறைவாகவே மார்ஃபின் கரைசலைக் குடித்தன. நல்ல கதை. ஆனால் அது குடிப்பது பற்றியது, வலி பற்றியது அல்ல; பிறகு செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? வெவ்வேறு ஈற்றில் பிறந்த, வளர்ந்த ஆண் சுண்டெலிகளைத் திடீரென்று ஒரே கூண்டில் விட்டுப் பாருங்கள். காலையில் முதுகெல்லாம் கடி. தோற்ற சுண்டெலிக்கு ஓபியாய்டு போன்ற வலிமரப்பு வருகிறது என்று மிச்செக் குழுவினர் 1982-இல் காட்டினார்கள். அப்படி ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஊசி போடும் உங்கள் கன்ட்ரோல் குழுவில் இருந்தால், மருந்தே போடாமல் மருந்து போட்டதுபோல் நடிக்கும். ஆகவே பால்குடி மறக்கும்போதே கூட்டாளிகளைச் சேர்த்துவிட்டு, கடைசிவரை கலைக்காமல் இருப்பதுதான் நாங்கள் இப்போது செய்வது.

என்னை அதிகம் உலுக்கியது 2016-இல் வந்த ஓர் ஆய்வு. மோனிக் ஸ்மித் குழுவினர், வலியில் இருந்த சுண்டெலிகளோடு ஒரே அறையில் வைத்திருந்த, ஒன்றும் செய்யப்படாத சுண்டெலிகளுக்கும் வலியுணர்வு கூடியதைக் கண்டார்கள். வலியில் இருந்தவற்றின் படுக்கைத் துகளின் வாசனையே போதுமாயிருந்தது. 2021-இல் அதே ஸ்மித் இன்னொன்றும் காட்டினார்: மார்ஃபினால் வலி தணிந்த சுண்டெலியோடு ஒரு மணி நேரம் பழகிய இன்னொரு சுண்டெலிக்கும் வலி தணிந்தது. அப்படியென்றால் பக்கத்து ரேக்கில் நிற்கும் கன்ட்ரோல் குழு எந்த அளவுக்குக் கன்ட்ரோல்? இதற்கு முழுத் தீர்வு எனக்குத் தெரியாது. வலி கொடுத்த குழுவை முடிந்தால் வேறு அறைக்கு மாற்றுகிறேன். ஒரே கூண்டில் பாதிக்கு மருந்தும் பாதிக்கு உப்புநீரும் என்றால் அதைக் கட்டாயம் எழுதவைக்கிறேன்.

அறுவை செய்த எலியின் நிலைதான் பரிதாபம். கூட இருப்பவை தையலைக் கடிக்கும் என்று தனியே போடுகிறோம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் துணையும் போகிறது. நாம் போடும் பியூப்ரனார்ஃபின் என்ற ஓபியாய்டு வலிநீக்கி வழக்கம்போல் வேலை செய்யும் என்று நம்புவதற்கான ஆதாரமும் போகிறது. கூண்டின் நடுவே ஓட்டை போட்ட, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தடுப்பு வைத்தால் ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம். சந்தையில் வாங்கத் தேவையில்லை. முத்தியால்பேட்டையில் அக்ரிலிக் வெட்டும் கடையில் செய்து வாங்கினோம். முதல் இரண்டு நாள் உடம்பு சுருண்டிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று நேரில் பார்த்து மருந்தைக் கூட்டுகிறோம்.

அந்த மாணவி புதிய சுண்டெலிகளை மூன்று மூன்றாக வைத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மறுபடி செய்தாள். அடையாளத்துக்கு வாலில் மார்க்கர் பேனா. தீனியை ஒரு கூண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டாள். ஆய்வேட்டில் கூண்டுக்கு எத்தனை, எத்தனை நாள், எப்போது பிரித்தோம் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய், ஹாட் பிளேட்டின் சூடு எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டார்.