பள்ளிக்கு வந்த போர்க்களக் கடிதங்கள்: உறையையும் பத்திரப்படுத்துங்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் கடைநிலை அதிகாரிகளான செகண்ட் லெப்டினன்ட்கள் பலருக்கு வயது பத்தொன்பது, இருபதுதான். முந்தைய ஆண்டுவரை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். 1908இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் படையில், பள்ளி மாணவர்களாகவே துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள். பிரான்சுக்குப் போன பிறகும் தலைமை ஆசிரியருக்கும் விடுதி ஆசிரியருக்கும் எழுதினார்கள். பள்ளி இதழ்கள் அந்தக் கடிதங்களிலிருந்து பகுதிகளை அச்சிட்டன.

பழைய கடிதங்களைப் பராமரிப்பது என் தொழில். "அதான் இதழிலேயே வந்துவிட்டதே, மூலம் எதற்கு?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நான் கையாண்ட ஒரு கடிதத்தில், கிரிக்கெட் அணியை விசாரிக்கும் வரிகளும் பழைய வகுப்புத் தோழனைச் சந்தித்த செய்தியும் அச்சேறியிருந்தன. நடுவில் ஒரு பத்தி, தன் பிளட்டூனில், அதாவது தான் நடத்திய சிறு படைப்பிரிவில், இறந்தவர்களின் வீட்டாருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்ததைப் பற்றியது. அதன் குறுக்கே யாரோ நீலப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். இதழை மட்டும் படிப்பவருக்கு அந்தத் தவிப்பு தெரியவே தெரியாது. கோடு இழுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இதழைப் படித்தவர்களில் அடுத்து போருக்குப் போகவிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

சிப்பாய்களின் கடிதங்களை அவர்களுடைய அதிகாரிகளே படித்துத் தணிக்கை செய்தார்கள். அதிகாரியின் கடிதத்துக்கோ பெரும்பாலும் அவருடைய நேர்மையே தணிக்கை. உறைமேல் தானே கையெழுத்திட்டு அனுப்புவார். ஆனாலும் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. அதனால்தான் உறையைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். கள அஞ்சலகத்தின் எண்ணும் தேதியும் தணிக்கை முத்திரையும் அதில்தான் இருக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய பட்டாலியன் என்ற படைப்பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைப் (காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற வரிசை) பார்த்தால், எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதிகாரிகளின் முதன்மைப் பணிக் கோப்புகள் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின. எஞ்சியவை துணைக் கோப்புகளே. ஆகவே பள்ளி அலமாரியில் கிடக்கும் ஒரு கடிதக் கட்டுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானதல்ல.

பல கடிதங்கள் காப்பியிங் பென்சிலால் எழுதப்பட்டவை. சாம்பல் நிறத்தில் தெரியும் எழுத்து, ஈரம் பட்டால் ஊதாவாகக் கசிந்துவிடும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த கிளிப்பைப் பிடித்து இழுக்காமல், பதமாகக் கழற்றி, அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். படம் எடுக்கும்போது வெறுமையாகத் தெரியும் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கடிதம் வந்த தேதியைப் பள்ளியில் அங்கே குறித்திருக்கக்கூடும்.

ஆசிரியர்கள் எழுதிய பதில்கள் குடும்பத்தாரிடம் இருக்கலாம். அப்படி இருந்தால் பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, தெளிவான படம் போதும்.